ஜிஆர்இ வெர்பல்: வரிசையாகப் போவதா, சின்னக் கேள்விகளை முதலில் முடிப்பதா?

மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வை 2023 செப்டம்பரில் சுருக்கியபின் வெர்பலில், அதாவது ஆங்கிலத் திறனைச் சோதிக்கிற பிரிவில், மொத்தம் 27 கேள்விகள்தான். முதல் பகுதியில் 12 கேள்விகளுக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15-க்கு 23 நிமிடம். கணக்குப் போட்டால் கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வரும், ஆனால் இந்தச் சராசரியை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வார்த்தை தெரிந்தால் அரை நிமிடத்தில் முடிகிற கேள்விக்கும், பேசேஜை, அதாவது கொடுத்திருக்கிற உரைப்பகுதியை, இரண்டு முறை படிக்கவைக்கிற கேள்விக்கும் ஒரே மதிப்புதான்.

வரிசையாகப் போகிறவர்கள்தான் அதிகம். குழப்பம் இல்லாத வழி, எதையும் விட்டுவிட்டோமோ என்ற பயமும் வராது. சிக்கல் என்னவென்றால், டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் (கோடிட்ட இடங்களை நிரப்புவது), சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் (வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பது) என்ற சின்னக் கேள்விகளுக்கு இடையில் பேசேஜ்களும் வரும். நடுவில் ஒரு பேசேஜில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு இருக்கிற சுலபமான கேள்விகளைப் பார்க்கவே நேரம் இருக்காது.

பேசேஜை முதலில் முடிக்கச் சொல்பவர்களும் உண்டு, மூளை களைப்பதற்குள் படித்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. 18 நிமிடத்தில் அவ்வளவு களைப்பு வராது, ஆனால் முதல் பேசேஜிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டால் வருகிற பதற்றம் மீதிக் கேள்விகளையும் கெடுக்கும்.

என் ஓட்டு சின்னக் கேள்விகளை முதலில் முடிப்பதற்குத்தான். வார்த்தை தெரியாத கேள்வியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அது தெரியப்போவதில்லை, பேசேஜில் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்தால் விடை நிஜமாகவே கிடைக்கும். அதனால் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன், சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் இரண்டையும் வேகமாக முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் பேசேஜுக்குக் கொடுங்கள், அதிலும் ஒரே பத்தியாக இருப்பவை முதலில், நீளமானது கடைசியில். ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், மார்க் பட்டனும் ரிவ்யூ திரையும் இருக்கின்றன. மூன்று கோடிட்ட இடம் உள்ள கேள்வியில் மட்டும் கவனம்: மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரி என்பதற்குப் பாதி எல்லாம் கிடையாது. மூன்றாவது பிடிபடவில்லையா, ஏதாவது ஒன்றைப் போட்டு மார்க் செய்துவிட்டு நகருங்கள்.

சரி, பேசேஜை முதலில் படிப்பதா, கேள்வியையா? குட்டிப் பேசேஜுக்கு இந்த விவாதமே வேண்டாம், நேராகப் படித்துவிடலாம். நீளமானதற்குக் கேள்வியை மட்டும் ஒரு பார்வை பாருங்கள், ஆப்ஷன்களைப் பார்க்காதீர்கள், ஏனென்றால் தவறான ஆப்ஷன்கள் தலையில் ஏறிவிட்டால் ஆசிரியர் சொல்லாததையும் சொன்னதாகப் படிக்க ஆரம்பித்துவிடுவோம்.

இது மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வுக்குப் பொருந்தாது. அங்கே வெர்பலில் 23 கேள்விகளுக்கு 45 நிமிடம், விடை போடாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது, திரும்பி வந்து மாற்றுவதும் மூன்று விடைகள் வரைதான்.

ஜிஆர்இ-யில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் கடைசி ஒரு நிமிடத்தில் காலியாக இருக்கிற எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள், முக்கியமாக முதல் பகுதியில். இரண்டாவது பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.