கோலாலம்பூர் புழுக்கத்துக்கு எந்தக் குதிரை? ட்ரெஸ்ஸாஜ் இனங்கள்: ஓர் அலசல்

ஏறியிருப்பவரின் சைகைக்கு ஏற்பக் குதிரை குறித்த அசைவுகளைச் செய்துகாட்ட, நடுவர் மதிப்பெண் தரும் போட்டிதான் ட்ரெஸ்ஸாஜ். அதற்கு எந்த இனக் குதிரை ஏற்றது என்று ஐரோப்பாவில் கேட்டால், யோசிக்காமல் வார்ம்பிளட், அதாவது விளையாட்டுக்கென்றே வளர்க்கும் ஐரோப்பியக் குதிரை, என்பார்கள். அதற்குச் சான்றும் வைத்திருக்கிறார்கள். 2014இல் லண்டனில் 94.3 விழுக்காடு பெற்ற வலெக்ரோ டச்சு வார்ம்பிளட். 2010 உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற டோட்டிலாஸும் அதே இனம். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் பெற்ற டலேரா, டிராகேனர் வகை வார்ம்பிளட்.

அலுவலகம் விட்டு, கோலாலம்பூரின் புக்கிட் கியாரா குதிரையேற்ற மையத்துக்கு வந்து, இருட்டுவதற்குள் முக்கால் மணி நேரம் குதிரை ஏறும் ஒருவருக்கு இந்தப் பட்டியல் எந்த அளவுக்கு உதவும்? ஆசிய விளையாட்டுப் போட்டியின் ட்ரெஸ்ஸாஜே கிராண்ட் பிரி என்னும் உச்ச நிலைக்குக் கீழேதான் நடக்கிறது. 2018இல் வெள்ளியும் ஹாங்சோவில் தங்கமும் வென்ற நம் நாட்டு வீரர் கபில் அம்பாக், அந்த நிலையில்தான் வென்றார். நின்ற இடத்திலேயே கால் மாற்றி ஆடும் பியாஃப், மிதந்து நடக்கும் பாசாஜ் இரண்டையும் அங்கே கேட்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் அதற்கும் பல படி கீழே, 20 மீட்டர் வட்டத்தை ஒழுங்காகப் போட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நிலையில் நடுவர் மதிப்பெண் தருவது தாளம் கெடாத நடைக்கும், தளர்ந்த முதுகுக்கும், கடிவாளத்தோடு சண்டை போடாத வாய்க்கும்தான். எந்த இனத்துக் குதிரையாலும் இதைத் தர முடியும். ஆகவே நான் இரண்டு கேள்விகளை வைத்தே இனங்களை எடைபோடுகிறேன். இந்தப் புழுக்கத்தில் குதிரையின் உடல் சூடு தணிகிறதா? அதன் முதுகில் நம்மால் ஆடாமல் உட்கார முடிகிறதா?

முதலில் தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை. தமிழர்களுக்கு மிகவும் பழகிய இனம் இதுதான். பந்தயத் திடல் லாயங்களில் சைஸ் (குதிரை பராமரிப்பு) வேலை பார்த்த தாத்தாவோ, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் சம்பளத்தை விட்ட மாமாவோ இல்லாத குடும்பம் குறைவு. சிங்கப்பூரில் 2024 அக்டோபரோடு பந்தயம் நின்றுவிட்டது. 1864இல் தொடங்கிய பினாங்குக் கிளப்பும் 2025இல் பந்தயத்தை முடித்துக்கொண்டது. சுங்கை பெசியிலும் ஈப்போவிலும் ஓடி ஓய்ந்த குதிரைகள் இன்னும் கிடைக்கின்றன. விலையும் குறைவு, சில நேரம், நல்ல இடத்துக்குப் போனால் போதும் என்று சும்மாவே தருவார்கள். பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பிறந்து, இங்கே சில ஆண்டுகள் ஓடி, நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியவை. மெல்லிய தோல், ஒடுங்கிய உடல், கனமில்லாத தசை என்பதால் சூடு விரைவில் வெளியேறிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பந்தயத்தில் கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடவே இந்தக் குதிரைக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். ட்ரெஸ்ஸாஜில் அதே கடிவாளத்துக்கு இளகி, எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்ற வேண்டும். ஜாக்கி குறுகிய அங்கவடியில் குந்தியிருப்பதால், விலாவில் ஒரு கால் அழுத்தினால் என்ன பொருள் என்பதே அதற்குத் தெரியாது. இதையெல்லாம் மறக்கவும் மறுபடி படிக்கவும் ஓராண்டாவது ஆகும். பலவற்றுக்கு இடுப்பைவிடத் தோள் தாழ்ந்த உடற்கட்டு. டிராட் என்னும் துள்ளுநடை தட்டையாக இருக்கும். முழங்கால் அதிகம் உயராது. அந்த நடைக்குப் பத்துக்கு 6 மதிப்பெண் கிடைத்தால் மகிழ்ச்சி, 8 கனவு. கான்டர் என்னும் மெதுவான பாய்ச்சல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வயிற்றுப் புண்ணும், தட்டையான மெல்லிய குளம்பும் இவற்றுக்குச் சகஜம். ஈரம் காயாத நம் லாயங்களில் குளம்பு அழுகாமல் காப்பது தனி வேலை. ஆனாலும் இந்த இனத்தால் உயரம் தொட முடியாது என்று சொல்லிவிட முடியாது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க ட்ரெஸ்ஸாஜ் அணியில் இருந்த கீன் ஒரு தரோபிரெட்தான்.

வார்ம்பிளட் விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். ஹனோவேரியன் இனத்துக்கு 1735இல் செல்லே நகரில் அரசுப் பண்ணை தொடங்கினார்கள். அன்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த நடையை இன்று பார்த்தால் கண் விரியும். தோள் திறந்து, கால் நீண்டு, ஒவ்வோர் அடிக்கும் உடலே மேலெழும். அந்த எழுச்சி ஏறியிருப்பவரின் இடுப்பையும் தூக்கிப் போடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. தோள் உயரமே 165 சென்டிமீட்டரைத் தாண்டும் குதிரையின் பெரிய டிராட்டில், அதே உயரமும் 55 கிலோ எடையும் உள்ள ஒருவர் ஆடாமல் உட்காரப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். உட்கார முடியாதவர் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார். குதிரை முதுகை இறுக்கிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய நடை அங்கேயே காணாமல் போய்விடும். அறுநூறு கிலோ உடம்பு சூடு தணியவும் நேரம் எடுக்கும். மின்விசிறி, குளிர்ந்த நீர், உப்புச்சத்து எல்லாம் அன்றாடச் செலவு. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரும் விமானக் கட்டணம் மட்டுமே ஒரு பந்தயக் குதிரையின் விலையைத் தாண்டிவிடும். வார்ம்பிளட்தான் வேண்டும் என்பவர்கள் தரோபிரெட் ரத்தம் கூடுதலாகக் கலந்த ஆஸ்திரேலியக் குதிரையைப் பார்க்கலாம். உடல் இலகு, பயணமும் குறைவு.

போர்ச்சுகலின் லூசிடானோவை இங்கே அதிகம் பார்க்க முடியாது. எஸ்டேட்டுகளில் மதுரை வீரன் கோயில் வாசலில் நிற்குமே, கழுத்தை வளைத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு காலைத் தூக்கியபடி, அந்தச் சிலை உயிர் பெற்றால் லூசிடானோ. குட்டையான உடல், வட்டமான முதுகு, உட்கார மெத்தென்ற நடை. எடையைப் பின்னால் வாங்குவது இதற்குப் பிறவிக் குணம், பியாஃப் சுலபமாக வரும். ஆனால் நாம் ஏறும் நிலையில் பியாஃபுக்கு மதிப்பெண் இல்லை. கேட்கப்படும் நீட்டிய டிராட்டிலோ இது கால் நீட்டத் தயங்கும். சில குதிரைகள் முன்னங்காலை வெளிப்பக்கம் வீசும். மதிப்பெண் கணக்கில் பெரிய லாபமில்லை. இருந்தாலும் பயத்தோடு ஏறுபவருக்கும், ஐம்பது வயதில் தொடங்குபவருக்கும் இதைவிட நல்ல முதுகு கிடைப்பது அரிது. ஐபீரிய வெயில் வறண்டது. ஈரக்காற்றுக்குப் பழகச் சில மாதங்கள் விட வேண்டும்.

அரபுக் குதிரைக்கு வெயில் பொருட்டல்ல. 2008இல் திரங்கானுவில் நடந்த உலக நெடுந்தூரப் போட்டி அதன் களம். தலையைத் தூக்கி முதுகைக் குழிக்கும் பழக்கத்தை மாற்றுவதற்குள் ட்ரெஸ்ஸாஜ்காரருக்குப் பொறுமை போய்விடும். கரிய பிரீசியனைப் புகைப்படத்தில் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வண்டி இழுத்த கனத்த உடம்பும் அடர்ந்த பிடரியும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்கே தண்டனை.

ஓரளவு உறுதியாக உட்காரத் தெரிந்து, வாரம் ஒருமுறையாவது நல்ல பயிற்றுநரிடம் பாடம் எடுக்க வசதி இருந்தால் நான் பந்தயக் குதிரையையே சொல்வேன். ஆறேழு வயது, காயடித்த ஆண், தோள் தாழாத கட்டு, முன்னங்கால் தசைநாரில் பழைய வீக்கம் இல்லாதது. ஒன்பதாம் இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த குதிரையா? இன்னும் நல்லது, அவசரமில்லாத குணமாக இருக்கக்கூடும்.

எந்த இனமானாலும், விற்பவர் காலை ஏழு மணிக்கு ஏறிப் பார்க்கக் கூப்பிட்டால் பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். வெப்பமண்டலத்துக்கு வந்த குதிரைகளில் சில, நாளடைவில் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. காலைக் குளிர்ச்சியில் அது வெளியே தெரியாது. இருபது நிமிட வேலைக்குப் பிறகு சேணத்தைக் கழற்றச் சொல்லி, கழுத்தும் விலாவும் நனைந்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். தோல் காய்ந்து, மூக்குத்துளை விரிந்து, வேலை நின்ற பிறகும் நெடுநேரம் மூச்சு வாங்கினால், எத்தனை பெரிய வம்சாவளிச் சான்றிதழ் காட்டினாலும் வாங்காதீர்கள்.