கடிகாரக் கணக்குக்கு கியர் கடிகாரம்: வாங்கும் முன் 3:30-க்குத் திருப்பிப் பாருங்கள்

ஸ்டேஷனரிக் கடைகளில் பயிற்சிக் கடிகாரம் என்று இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, அட்டையிலோ ஃபோம் ஷீட்டிலோ வெட்டி நடுவில் பின் குத்தியது. இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும். இன்னொன்று பிளாஸ்டிக். உள்ளே பல்சக்கரங்கள் இருப்பதால் நிமிட முள்ளைத் திருப்பினால் மணி முள்ளும் கூடவே நகரும். டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு என்று ஆப்டிடியூட் (திறனறிக் கணக்கு) படிப்பவர்கள் முதல் வகையைத் தொடவே வேண்டாம். விலை கூடினாலும் கியர் வைத்ததுதான் உதவும்.

காரணம் எளிது. கடிகாரக் கணக்கில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை, மணி முள்ளும் நகர்கிறது என்பதை மறப்பதால் வருபவை. "3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் இரு முட்களும் எப்போது ஒன்றுசேரும்?" என்று கேட்டால் மனம் உடனே 3:15 என்கிறது. அட்டைக் கடிகாரமும் அதற்கு ஆமாம் போடும், ஏனென்றால் அதில் மணி முள் 3-லேயே நிற்கும். கியர் கடிகாரத்தில் 3:15-க்குத் திருப்பிப் பாருங்கள்: மணி முள் 3-ஐத் தாண்டி 7½° போயிருக்கும். நிமிட முள்ளை இன்னும் மெல்லத் தள்ளினால் 16-ஆவது நிமிடக் கோட்டைக் கொஞ்சம் தாண்டித்தான் அதைப் பிடிக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தபின் சூத்திரம் தானாகவே புரியும். நிமிட முள் நிமிடத்துக்கு 6°, மணி முள் ½°, ஆகவே துரத்தும் வேகம் 5½°. 3 மணிக்கு இடைவெளி 90°. 90-ஐ 5½-ஆல் வகுத்தால் 16 4/11 நிமிடம்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது. இரண்டு முள்ளையும் 12-இல் நிறுத்தி, முன்னோக்கியே சுற்றி 3:30-க்குக் கொண்டுவாருங்கள். மணி முள் 3-க்கும் 4-க்கும் சரிபாதியில் நிற்க வேண்டும். பிறகு 6:00 வரை போங்கள். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். சற்றே பிசகினால் அந்தப் பொருளை வைத்துவிடுங்கள். நிமிட முள் 12 சுற்று சுற்றினால் மணி முள் 1 சுற்று சுற்ற வேண்டும். 3-க்கு 1, 4-க்கு 1 என இரண்டு ஜோடி சக்கரங்களை அடுக்கினாலே 12 வந்துவிடும். விகிதம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிசகுவது முள்ளைப் பொருத்திய இடம், அல்லது பற்களுக்கிடையிலான தளர்வு.

அந்தத் தளர்வு எல்லா பிளாஸ்டிக் கியரிலும் கொஞ்சம் உண்டு. முள்ளைப் பின்னோக்கித் திருப்பும்போது முதலில் நிமிட முள் மட்டும் நகரும், மணி முள் சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பும். எனவே எப்போதும் முன்னோக்கியே திருப்பிப் பழகுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள். மணி முள் 5½° பிசகினால் முட்கள் சேரும் நேரம் முழுதாக 1 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வையுங்கள். 16 4/11-ஆ 16 2/11-ஆ என்று எந்தப் பொம்மைக் கடிகாரமும் சொல்லாது. அது பேனாவின் வேலை.

முகப்பைப் பொறுத்தவரை 60 நிமிடக் கோடுகளும் அச்சாகியிருக்க வேண்டும். 20 செ.மீ. குறுக்களவு இருந்தால் விளிம்பில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 செ.மீ. கிடைக்கும், அதில் பாதி அளவு முகப்பு கண்ணுக்கு எட்டாது. 13 முதல் 24 வரை சிவப்பில் அச்சிட்ட உள்வட்டம் நமக்கு இடைஞ்சல்தான். பெரும்பாலான மாடல்களில் முட்கள் தடியாக, அம்பு போல இருப்பது பெரிய குறை. மணி முள்ளின் நடுவில் ஒரு மெல்லிய ஈர்க்கை டேப் போட்டு ஒட்டி, நிமிடக் கோடுகள் வரை நீட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையில் கடிகாரத்தின் பயன் இரட்டிப்பாகிறது.

இது உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் 'எத்தனை முறை' கேள்விகள். 12 மணி நேரத்தில் முட்கள் செங்கோணத்தில் (90°) நிற்பது 24 முறை என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை விடுபவர்கள் ஏராளம். 2:00-இலிருந்து 4:00 வரை திருப்புங்கள்: 2:27 3/11, 3:00, 3:32 8/11 என மூன்றே முறை. 3:00 இரண்டு மணிக்கும் பொது. 8-க்கும் 10-க்கும் இடையில் 9:00 அதேபோல். ஆக 22, ஒரு நாளைக்கு 44. முட்கள் ஒன்றுசேர்வது ஏன் 12 அல்ல, 11 என்பதை 11 மணியிலிருந்து 1 மணி வரை ஒருமுறை திருப்பினாலே பார்த்துவிடலாம்.

கண்ணாடிப் பிம்பக் கணக்குக்கு எண்களைத் தாளால் மறைத்துவிட்டுக் கண்ணாடி முன் பிடியுங்கள். 8:20 அங்கே 3:40 ஆகத் தெரியும். 11:60-இலிருந்து (அதாவது 12 மணியிலிருந்து) கழித்தாலும் அதேதான். நேரம் 12-க்கும் 1-க்கும் இடையில் என்றால் 23:60-இலிருந்து கழிக்க வேண்டும்: 12:25-க்கு 11:35.

முந்தும், பிந்தும் கடிகாரக் கணக்குக்கு இது உதவாது. காலை 6 மணிக்குச் சரியாக வைத்த கடிகாரம் மணிக்கு 5 நிமிடம் பிந்துகிறது. அது மாலை 5 காட்டும்போது சரியான நேரம் என்ன? 11 மணி நேரம், 55 நிமிடம் கூட்டு, 5:55 என்பது வழக்கமான பொறி. அது காட்டும் 55 நிமிடம்தான் உண்மையில் 60 நிமிடம். காட்டிய 660 நிமிடம் உண்மையில் 720, எனவே மாலை 6. இதற்குத் தாளில் 'காட்டுவது', 'உண்மை' என்று இரண்டு பத்தி போட்டு எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

காசு செலவழிக்க மனமில்லையா? வீட்டில் ஓடாமல் கிடக்கும் சுவர்க் கடிகாரமே போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்னால் நேரம் திருத்தும் திருகைத் திருப்பினால் அதே 12-க்கு 1 கியர் உள்ளே வேலை செய்கிறது. முட்களும் பொம்மையில் இருப்பதைவிட மெல்லியவை. 3:30-இல் மணி முள் பாதியில் நிற்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றி, நிமிட முள் 12-இல் இருக்கும்போது மேலே உள்ள விநாடி முள்ளையும் நிமிட முள்ளையும் முதலில் உருவிவிட்டு, மணி முள்ளை மெல்ல உருவி, நேராக 12-இல் வைத்து அழுத்துங்கள்; நிமிட முள்ளையும் 12-இலேயே திரும்பப் பொருத்துங்கள். பிறகு ஒருமுறை 3:30-க்குத் திருப்பிச் சரிபாருங்கள்.