படகின் அடிக்குத் தாமிரப் பூச்சா, சிலிக்கோன் பூச்சா?

கலிபோர்னியாவில், சான் டியேகோவின் ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறை நீரில் தாமிரம் மிகுந்ததற்குப் படகுகளின் அடிப்பூச்சே முதன்மைக் காரணம் எனக் கண்ட வட்டார நீர்த்தர வாரியம், நீரில் சேரும் தாமிரத்தை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என 2005-இல் விதித்தபோது, படகு உரிமையாளர்களோடு துறை நடத்துவோரையும் பொறுப்பாக்கியது.

தாமிரப் பூச்சு விலை குறைவு. பூசத் தெரிந்தவர்களும் எங்கும் கிடைப்பார்கள். ஆனால் தாமிரத்தைச் சிறிது சிறிதாக நீரில் கசியவிட்டுத்தான் அது படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்னும் சிறு ஓட்டுயிரியையும் பாசியையும் தடுக்கிறது. படகின் அடியைத் துப்புரவாக்க முக்குளிப்பவர் முரட்டுத் தூரிகையால் தேய்த்தால், பூச்சின் நிறம் நீரில் புகைபோல் விரிவதைக் கண்ணாலேயே காணலாம். 2018 ஜூலை முதல் கலிபோர்னியாவில் இக்கசிவு நாளொன்றுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 9.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்றாலும், கடலுயிர்களுக்குத் தீங்கின்றிக் கடல்நீரில் நீடித்து இருக்கத்தக்க தாமிரம் லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம்தான் என்னும்போது, நீரோட்டம் குறைந்த துறையில் படகுகள் நெருக்கமாக நின்றால் அந்த வரம்பு மட்டும் போதுமா என்பது ஐயமே.

சிலிக்கோன் எதையும் கொல்வதில்லை. ஒட்ட வந்ததை வழுக்கிவிடுகிறது. பழைய பூச்சை முழுதும் சுரண்ட வேண்டியிருப்பதால் முதற்செலவு கூடும் (அந்தத் தூளும் நீரில் விழக்கூடாது). நகராமலே கிடக்கும் படகை மென்துணியால் அடிக்கடி துடைக்கவும் வேண்டும். இருந்தும், இப்படி நீரோட்டம் குறைந்த துறையை நடத்துபவர் சிலிக்கோனுக்கு மாறுவோருக்கு வாடகைச் சலுகை தருவதே தக்கது.