"ஃப்ரீ சர்வீஸ்" லோன் ஏஜென்ட்: வீட்டுக்கடன் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கடனுக்கு அலைந்துகொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இந்தப் பதிவு. கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்த கையோடு பில்டர் ஆபீசிலேயே ஒரு லோன் ஏஜென்ட்டை அறிமுகப்படுத்தினார்கள். "எனக்கு நீங்க எதுவும் தர வேண்டாம் சார், எல்லாம் ஃப்ரீ சர்வீஸ்" என்றார். அப்படியானால் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கடன் கொடுக்கும் வங்கியிலிருந்துதான், கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று. கமிஷன் வாங்குவது தப்பில்லை. ஆனால் தொகை கூடினால் அவர் பங்கும் கூடும். எந்த வங்கி அதிகம் தருகிறதோ அதுதான் "உங்க ப்ரொஃபைலுக்கு செட்டாகும்".

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் டிக் அடித்து வைத்திருந்தார். வட்டி விகிதம், கால அளவு இரண்டு கட்டமும் காலி. "அதை ஆபீஸ்ல ஃபில் பண்ணிக்குவாங்க மேடம்" என்று என் மனைவியிடம் சொன்னார். நிரப்பாமல் கையெழுத்துக் கிடையாது என்று அவள் சொன்னதும் மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. வேண்டாவெறுப்பாக நிரப்பிக் கொடுத்தார்.

கடனுக்கு வங்கி ஒப்புதல் தரும் சாங்ஷன் லெட்டர் வந்தது. நாங்கள் கேட்டதைவிடத் தொகை கூடுதல். விசாரித்தால், லோன் இன்சூரன்ஸ் (கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கியை அடைக்கும் காப்பீடு) பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிட்டார்களாம். "கம்பல்சரி சார், இல்லேன்னா ஃபைல் நகராது." வங்கிக்கே நேரில் போய்க் கேட்டோம். கட்டாயம் ஒன்றுமில்லை, வேண்டுமானால் எடுக்கலாம் என்றார் மேலாளர். பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால் அதற்கும் கடைசிவரை வட்டி ஓடும். 8.5 சதவீதத்தில் 20 வருஷம் என்றால், அந்தப் பிரீமியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருப்போம்.

"ஃபிக்ஸட் ரேட்" என்று வாயால் சொன்னதும் லெட்டரில் வேறாக இருந்தது. முதல் 2 வருஷம் மட்டும்தான் ஃபிக்ஸட், அதாவது வட்டி மாறாது; அப்புறம் ஃப்ளோட்டிங், அவ்வப்போது ஏறி இறங்கும். சின்ன விஷயமில்லை இது. 20 வருஷக் கடனில் 8 சதவீதம் 9 ஆனால், வாங்கிய ஒவ்வொரு 100க்கும் மொத்தத்தில் சுமார் 15 கூடுதலாகப் போகும்.

வேண்டாம் என்றதும் பேச்சே மாறிவிட்டது. அடுத்த தவணைத் தேதியைச் சொல்லி பில்டர் தரப்பு நெருக்க ஆரம்பித்தது. இதற்குள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பேப்பர்களை அந்த ஏஜென்ட் பல வங்கிகளுக்கு அனுப்பியிருக்கிறார். நாங்களாகவே வேறொரு வங்கியில் போய் நின்றபோது, "ஏன் இத்தனை இடத்தில் அப்ளை பண்ணியிருக்கீங்க?" என்றுதான் முதல் கேள்வி. கடன் கொடுக்கலாமா என்று வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோரும் இறங்கியிருந்தது.

ஏஜென்ட் வைப்பதானால் அவரிடம், உங்கள் கமிஷன் எவ்வளவு, ஃபீஸ் எல்லாம் சேர்த்து வட்டி எத்தனை சதவீதம், ஃபிக்ஸட் காலம் முடிந்ததும் எந்தக் கணக்கில் வட்டி, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போதும். "நேர்ல பேசிக்கலாம் சார்" என்று நழுவினால் வேறு ஆளைப் பாருங்கள்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முதல் வங்கியில் கட்டிய ப்ராசசிங் ஃபீஸ் திரும்பவில்லை. திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். ரசீது கைக்கு வருவதோ பணம் கட்டிய பிறகுதான்!