ஆர்த்தோ சீட் வேண்டும் என்று நீட் எம்டிஎஸ் ஆன்லைன் கோச்சிங்கில் சேரலாமா?

பல் மருத்துவப் படிப்பின் ஃபைனல் இயரிலும், சிஆர்ஆர்ஐ என்கிற கட்டாயப் பயிற்சி வருஷத்திலும் இருக்கிற ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, ஆர்த்தோதான் வேணும், அந்த ஆன்லைன் கோச்சிங்ல பணம் கட்டலாமா?" ஆர்த்தோ என்றால் ஆர்த்தோடான்டிக்ஸ், பல்வரிசையையும் தாடையையும் சீராக்குகிற பிராஞ்ச்; நீட் எம்டிஎஸ் பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போடுவதைவிட மொத்தமாக எழுதிவிடுவது நல்லது. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி ஓடுகிற கோச்சிங்குகள் வேறு சிலவும் இருக்கின்றன. வீடியோ கிளாஸ், கேள்வி வங்கி, வாராந்திர டெஸ்ட், கடைசியில் கிராண்ட் டெஸ்ட், கவுன்சலிங் சமயத்தில் ஒரு ஜூம் மீட்டிங். நான் எடுத்தது ஒரு வருஷ சந்தா, எல்லாம் சேர்ந்தது.

சேரலாம். ஆனால் எதற்காகச் சேருகிறோம் என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும். ஆர்த்தோ பிடிக்கும், அதனால் ஆர்த்தோவை நன்றாகப் படித்தால் ஆர்த்தோ சீட் வரும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தேர்வின் கணக்கு அப்படி இல்லை. மொத்தம் 240 கேள்வி, 960 மதிப்பெண், சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழியும். அதில் பகுதி ஏ மட்டுமே 100 கேள்வி, முழுக்க அடிப்படைப் பாடங்கள்: அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி, டென்டல் அனாடமி, டென்டல் மெட்டீரியல்ஸ். ஆர்த்தோ வருவது பகுதி பியின் 140 கேள்விகளில், மற்ற எல்லா கிளினிக்கல் பாடங்களோடும் பங்கு போட்டுக்கொண்டு. கவுன்சலிங்கில் சீக்கிரம் தீர்ந்துபோகிற பிராஞ்சுகளில் ஒன்று ஆர்த்தோ. அந்த ரேங்குக்குப் போட்டி போடுகிற எல்லோருமே கிளினிக்கல் பாடங்களை ஓரளவு முடித்துவிட்டுத்தான் வருவார்கள். வித்தியாசம் விழுகிற இடம் முதல், இரண்டாம் வருஷத்தில் படித்து மறந்துபோன பாடங்கள். அதனால் எந்தக் கோச்சிங்காக இருந்தாலும் அதன் பகுதி ஏ எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்த விஷயத்தில் இந்தக் கோச்சிங் கொடுத்த காசுக்கு மேலேயே செய்தது. எம்பிரியாலஜி (கரு வளர்ச்சி) எடுக்கிற சார் ஸ்லைடே போடுவதில்லை, திரையில் கையால் வரைந்துகொண்டே போகிறார். கருவில் தாடை உருவாகிற முதல் ஃபேரிஞ்சியல் ஆர்ச்சை ஒரு நிறத்தில் வரைந்து, அதற்குள் மெக்கல்ஸ் கார்ட்டிலேஜ் என்கிற குருத்தெலும்பை இன்னொரு நிறத்தில் இழுத்து, அதன் பின்முனை மாலியஸ், இன்கஸ் என்கிற காது எலும்புகளாக ஆவதைக் காட்டி, நடுவில் ஒரு துண்டு ஸ்ஃபீனோமாண்டிபுலர் லிகமென்டாக மிஞ்சுவதைக் காட்டி, கீழ்த்தாடை எலும்பு பெரும்பாலும் அந்தக் கார்ட்டிலேஜிலிருந்து வருவதில்லை, அதன் வெளிப்பக்கத்தில் தனியாக உருவாகிறது என்று நிறுத்துகிறார். அங்கிருந்து கண்டைலின் (கீழ்த்தாடையின் மூட்டு முனை) கார்ட்டிலேஜ் பிறகு தோன்றுகிற இரண்டாம் நிலைக் கார்ட்டிலேஜ் என்று போகும்போது, வளர்கிற பிள்ளைக்குக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவர ட்வின் பிளாக் என்கிற கருவியைப் போட்டால் கண்டைலில் உண்மையில் என்ன நடக்கிறது என்ற சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை என்பது தானாகப் புரிகிறது. ஆர்த்தோ டிபார்ட்மென்ட் போஸ்டிங்கில் கேட்டதைவிட இந்த அனாடமி கிளாஸில்தான் எனக்கு வளர்ச்சி என்கிற பாடம் பிடிபட்டது.

டென்டல் மெட்டீரியல்ஸும் அப்படியே. பல் கம்பிக்கு வருகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பீட்டா டைட்டானியம், நிக்கல் டைட்டானியம் (நைட்டை) மூன்றுக்கும் விசை-வளைவு கோடுகளை ஒரே படத்தில் போட்டு, முதலில் ஏன் மெல்லிய நைட்டை கம்பி, இடைவெளி மூடும்போது ஏன் ஸ்டீல் என்று விளக்கிவிட்டார்கள். ஃபார்மகாலஜி சுமார்தான், மைக்ரோபயாலஜி வேகம் ஜாஸ்தி, இரண்டாவது தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த நல்ல விஷயம் டெஸ்ட். பகுதி ஏவுக்கு 75 நிமிஷம், பகுதி பிக்கு 105 நிமிஷம், ஏவின் நேரம் முடிந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. ஒரு கேள்விக்கு 45 வினாடி. வீட்டில் புத்தகம் வைத்துக் கேள்வி போடும்போது இந்த நெருக்கடி தெரியவே தெரியாது. இவர்களுடைய டெஸ்ட் அதே பூட்டோடு வருகிறது, சந்தேகக் கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு நகர்கிற பழக்கம் அதில்தான் வரும். ஆனால் டெஸ்ட் முடிந்ததும் காட்டுகிற 'ஆல் இந்தியா ரேங்க்' சந்தா கட்டினவர்களுக்குள் மட்டும் போடுகிற ரேங்க். அதைப் பார்த்து அழவும் வேண்டாம், வீட்டில் ஸ்வீட் வாங்கவும் வேண்டாம்.

இப்போது ஆர்த்தோ பாடம். உண்மையிலேயே வருத்தப்பட்டு எழுதுகிறேன், இந்தக் கோச்சிங்கில் பலவீனமான பாடம் இதுதான். செஃபலோமெட்ரிக்ஸ், அதாவது பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில் (செஃபலோகிராம்) தாடை, பல் கோணங்களை அளப்பது; அந்த வீடியோ முழுக்க சராசரிக் கோணங்களின் ஒரு அட்டவணையை வாசிப்பதுதான். எஸ்என்ஏ 82, எஸ்என்பி 80, ஏஎன்பி 2, எஃப்எம்ஏ 25, எஃப்எம்ஐஏ 65, ஐஎம்பிஏ 90. ட்வீட் முக்கோணம் என்று பெயரையும் சொல்கிறார்கள், ஆனால் அது முக்கோணம் என்பதால் கடைசி மூன்றையும் கூட்டினால் 180 வரும், இரண்டு தெரிந்தால் மூன்றாவதைப் படிக்கவே வேண்டாம், எஃப்எம்ஏ (கீழ்த்தாடையின் சரிவு) கூடினால் எஃப்எம்ஐஏவை விட்டுக்கொடுக்காமல் இருக்கக் கீழ்ப் பற்களை நிமிர்த்த வேண்டும் என்கிற ஒரு வரியைச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி இருந்தால் பாதிக் கேள்விக்கு மனப்பாடம் தேவையில்லை. ட்ரேஸிங் பேப்பரில் ஒரு செஃபலோகிராமையாவது நம் கண்முன் போட்டுக் காட்டியிருக்கலாம்.

கேள்வி வங்கியிலும் ஆர்த்தோ பகுதியில் தப்புகள். கீழ், மேல் பற்களின் அகலத்தை ஒப்பிடுகிற போல்டன் கணக்கில் முன்பல் விகிதத்துக்கு 91.3 என்று விடை போட்டிருந்தார்கள். அது மொத்தப் பற்களின் விகிதம், முன்பற்களுக்கு 77.2. ரிப்போர்ட் பட்டனை அழுத்தினேன், "கீ சரிதான், ரிவைஸ் பண்ணுங்க" என்று பதில் வந்தது, தேர்வு முடிகிறவரை அது திருத்தப்படவே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறவர்கள் இதில் இப்படி இருக்கக்கூடாது. ஒரு கேள்வியில் ரேங்க் எவ்வளவு நகரும் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதனால் ஆர்த்தோவை மட்டும் உங்கள் காலேஜ் பாடப்புத்தகத்திலிருந்தே படியுங்கள், கேள்வி வங்கியைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங் மீட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே இருக்கிறவர்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அரசுக் கல்லூரி சீட்டில் பாதி எம்சிசி (மத்திய கவுன்சலிங் குழு) நடத்துகிற ஆல் இந்தியா கோட்டாவில் போகும், மீதிக்கு நம் மாநிலத் தேர்வுக் குழுவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், டீம்டு காலேஜ் எல்லாம் எம்சிசி வழிதான் என்கிற அடிப்படையைக்கூட யாரோ சாட்டில் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ ஆர்த்தோவுக்கு நீட் எம்டிஎஸ் கிடையாது, வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிற ஐஎன்ஐ-செட் என்கிற தனி நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எந்தக் காலேஜை மேலே போடுவது என்பதற்கு இவர்களுடைய ரேங்க் பிரெடிக்டரை நம்புவதைவிட, அந்த டிபார்ட்மென்டில் இப்போது படிக்கிற பிஜி ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். முதல் வருஷம் வயர் பெண்டிங்கும் டைப்போடான்ட்டும் (பயிற்சிக்கான பல் மாதிரி) யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா, ஆளுக்கு எத்தனை கேஸ் வருகிறது, பிராக்கெட்டும் பிளையரும் யார் காசு, அன்னப்பிளவுக் கேஸும் ஓரல் சர்ஜரியோடு சேர்ந்து செய்கிற கேஸும் வருகிறதா, ஸ்டைபண்ட் பேப்பரில் மட்டுமா கையிலுமா. மூன்று வருஷம் அங்கேதான் இருக்கப்போகிறோம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எந்த ஆப்பாலும் முடியாது.

யாருக்கு இந்தச் சந்தா தேவையில்லை என்றால், பேசிக்ஸில் ஏற்கெனவே பிடிப்பு உள்ளவர்களுக்கு. அவர்கள் டெஸ்ட் மட்டும் தனியாக வாங்கினால் போதும், விலை நன்றாகக் குறையும். மற்றவர்கள் ஃபைனல் இயர் பரீட்சை முடிந்ததும் சேருங்கள், சிஆர்ஆர்ஐ போஸ்டிங்கோடு ஓட்டுவதற்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, சந்தாவில் ஒரு முடிவுத் தேதி போட்டிருப்பார்கள், தேர்வுத் தேதியோ வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. 2024இல் மார்ச் 18, 2025இல் ஏப்ரல் 19. தேர்வு தள்ளிப்போனால் கூடுதல் பணம் இல்லாமல் சந்தா நீளுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே மெயிலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் "பார்த்துக்கலாம் டாக்டர்" என்பார்கள், அதை ஏற்காதீர்கள்.