லாஸ்ட் ஸ்டார்ஸ்: ஸ்டார்கிளான் வாய் திறக்காத குளிர்காலம்

எரின் ஹன்டர் என்ற கூட்டுப் புனைபெயரில் வரும் 'வாரியர்ஸ்' பூனைத் தொடரின் ஏழாவது கதைச்சுற்று 'தி புரோக்கன் கோட்'. அதன் முதல் புத்தகம்தான் ஹார்ப்பர்காலின்ஸ் 2019இல் வெளியிட்ட 'லாஸ்ட் ஸ்டார்ஸ்'. 2003இல் தொடங்கிய தொடர் இது. சுற்றுக்கு ஆறு புத்தகம் என்று கணக்கிட்டால் முதன்மை வரிசையில் இது 37ஆவது. இந்த எண்ணைக் கேட்டதும் பலரும் பின்வாங்கிவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. தொடரைப் பாதியில் விட்டவர்கள் மீண்டும் உள்ளே வருவதற்கு இதைவிடத் தோதான வாசல் குறைவு.

காரணம் இதன் ஆரம்பம். முந்தைய சுற்றுகளில் பெரும்பாலானவை ஒரு தீர்க்கதரிசனத்தோடுதான் தொடங்கும். செத்துப்போன முன்னோர்களின் கூட்டமான ஸ்டார்கிளான் மருத்துவப் பூனை ஒன்றின் கனவில் வந்து புதிராக ஒரு வாக்கியம் சொல்லும், ஆறு புத்தகமும் அதைச் சுற்றியே ஓடும். இங்கே நிலைமை தலைகீழ். கடும் குளிரில் மூன்பூல் சுனை உறைந்து கிடக்கிறது. அரைநிலா நாளில் ஐந்து குலங்களின் (தண்டர்கிளான், ஷேடோகிளான், ஸ்கைகிளான், ரிவர்கிளான், விண்ட்கிளான்) மருத்துவப் பூனைகளும் அங்கே கூடி, தண்ணீரில் மூக்கை வைத்து முன்னோர்களிடம் பேசுவதுதான் வழக்கம். இப்போது மூக்கை வைத்தால் வெறும் பனிக்கட்டி. பதில் இல்லை. கதாசிரியர்கள் இத்தனை வருடம் சாய்ந்து நின்ற தூணையே பிடுங்கிவிட்டு, இந்தப் பூனைகள் இனி என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். தொடரின் சட்டதிட்டம் முழுக்க ஸ்டார்கிளானின் ஒப்புதலில் நிற்கிறது. தலைவருக்கு ஒன்பது உயிர் கொடுப்பதே அவர்கள்தான். அதனால் இந்த மௌனம் ஒரு போரைவிடப் பெரிய ஆபத்து, புத்தகமும் அதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த மௌனத்துக்கு நடுவில் ஒரே ஒரு பூனைக்கு மட்டும் குரல் கேட்கிறது. அது ஷேடோகிளானின் மருத்துவப் பயிற்சிப் பூனை ஷேடோபா. டைகர்ஸ்டார், டவ்விங் தம்பதியின் மகன், குட்டியாக இருந்தபோதிலிருந்தே வலிப்பும் காட்சிகளும் வருகிறவன். தண்டர்கிளான் தலைவர் பிராம்பிள்ஸ்டார் காய்ச்சலில் விழுகிறார், மூலிகை எதுவும் எடுபடவில்லை. அவரைப் பனியில் கிடத்தினால் பிழைப்பார் என்று அந்தக் குரல் சொல்கிறது. இந்தப் பகுதிதான் புத்தகத்தின் உச்சம். கேட்ட மாத்திரத்தில் யாரும் மறுக்கக்கூடிய யோசனை இது. ஆனால் பக்கம் பக்கமாக மற்ற வழிகள் அடைபடுவதைக் காட்டி, கடைசியில் அதை ஏற்க வேண்டிய இடத்துக்கு நம்மையும் நகர்த்திவிடுகிறார்கள். ஷேடோபாவின் பயத்தைக் கையாண்ட விதம் அருமை. தான் நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையும், பெரியவர்கள் முதன்முறையாகத் தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற சின்ன மகிழ்ச்சியும் அந்தப் பயத்தோடு கலந்தே இருக்கின்றன.

மற்ற இரண்டு பார்வைக் கோணங்கள் தண்டர்கிளானின் பிரிஸ்டில்பாவும் ஸ்கைகிளானின் ரூட்பாவும். உறைந்த ஏரியில் பனி உடைந்து ரூட்பா உள்ளே விழ, வேறு குலத்தைச் சேர்ந்த பிரிஸ்டில்பா அவனை இழுத்துக் கரை சேர்க்கிறாள். அந்தக் காட்சி விறுவிறுப்பானது. அதன் பிறகு இவர்கள் பகுதி சற்றுத் தொய்கிறது. ஸ்டெம்லீஃப் மேல் பிரிஸ்டில்பா வைக்கும் ஒருதலை ஆசைக்கு இத்தனை பக்கம் தேவையில்லை. ரூட்பா தன் அப்பா ட்ரீயை நினைத்து வெட்கப்படுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. ட்ரீ குலங்களுக்கு வெளியே பிறந்தவர், இறந்த பூனைகளைக் காணக்கூடியவர். மற்ற பயிற்சிப் பூனைகளுக்கு அது கேலிப்பொருள். சலிப்பாக இருந்தாலும் இந்த இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள், கடைசி அத்தியாயங்களுக்கு அடித்தளம் இங்கேதான் இருக்கிறது. ரிவர்கிளானும் விண்ட்கிளானும் மட்டும் இந்தப் புத்தகத்தில் பெயருக்குத்தான் வந்து போகின்றன.

இதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும்? முழுமையாகப் புரிய, முந்தைய சுற்றான 'எ விஷன் ஆஃப் ஷேடோஸ்' (2016–2018) ஆறு புத்தகங்களும், தனிப் பெரும்புத்தகமான 'டைகர்ஹார்ட்ஸ் ஷேடோ'வும் (2017) போதும். ஷேடோபா நகரத்தில் பிறந்த கதை அந்தப் பெரும்புத்தகத்தில்தான் இருக்கிறது. நேரமில்லாதவர்கள் அந்தச் சுற்றின் கடைசி இரண்டான 'ரிவர் ஆஃப் ஃபயர்', 'தி ரேஜிங் ஸ்டார்ம்' இரண்டையும் படித்துவிட்டு வரலாம். ஸ்கைகிளான் ஏரிக்கரையில் இடம் பிடித்ததும் ஷேடோகிளான் சிதறி மீண்டதும் தெரியாவிட்டால், எல்லைத் தகராறுகளில் யார் பக்கம் நியாயம் என்று பிடிபடாது. முதல் சுற்றை மட்டும் படித்தவர்கள் நேராக இதற்குத் தாவினால் தாத்தா பாட்டி பெயர்களில் மூழ்கிவிடுவார்கள்.

பெயர்க் குழப்பம்தான் புதியவர்களை அதிகம் விரட்டுவது. புத்தகத்தின் முன்பக்கத்தில் குலவாரியாகத் தலைவர், துணைத்தலைவர், மருத்துவப் பூனை, வீரர், பயிற்சிப் பூனை, தாய்ப்பூனை, முதியவர் என்று நீண்ட பட்டியல் உண்டு. முழுவதையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். தண்டர்கிளான், ஷேடோகிளான், ஸ்கைகிளான் பக்கங்களை மட்டும் பார்த்து வையுங்கள். பெயரின் பின்பாதி 'பா' என்றால் பயிற்சி, 'கிட்' என்றால் குட்டி, 'ஸ்டார்' என்றால் தலைவர். இது கைவந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பதவி உயரும்போது இந்தப் பின்பாதி மாறும், புத்தகத்தின் நடுவிலேயேகூட மாறும். அத்தியாயத் தலைப்பில் வெறும் எண்தான் இருக்கும், யாருடைய பார்வை என்று எழுதியிருக்காது. முதல் பத்தியில் எந்தப் பெயர் வருகிறது என்று கவனித்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது. பட்டியலையும் வரைபடங்களையும் அடிக்கடி புரட்ட வேண்டியிருப்பதால், மின்னூலைவிட அச்சுப் புத்தகம் கைக்கு வசதி.

ஆங்கிலம் எளிமையானது, 8 முதல் 12 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் சண்டையும் சாவும் மறைக்கப்படவில்லை. நோயில் படுத்த தலைவரைப் பற்றிய அத்தியாயங்கள் கனமானவை. சின்னப் பிள்ளைகளுக்குத் தருவதென்றால் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிட்டுத் தரலாம்.

கதை இந்தப் புத்தகத்தோடு முடிவதில்லை. முடிச்சைப் போட்ட கையோடு நிறுத்திவிடுகிறார்கள். தனி நாவலின் நிறைவை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 2019இன் பிற்பகுதியில் வந்த இரண்டாவது புத்தகம் 'தி சைலன்ட் தா'வையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை முடிக்கும் வரை அதன் பின்னட்டைப் பக்கம் போகாதீர்கள், கதைச்சுருக்கம் எங்கேயும் தேடாதீர்கள். 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' கடைசிச் சில பக்கங்களுக்காகப் பொத்தி வைத்திருப்பது அவற்றின் முதல் வரியிலேயே வெளிவந்துவிடும்.