பிளிட்ஸ் இல்லாமல் ஆறு சாக்: 2024 ஈகிள்ஸ் முன்வரிசை ஓர் அலசல்

அமெரிக்கக் கால்பந்து அணியான பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2022 சீசனில் 70 சாக் எடுத்தது; எதிரணியின் குவாட்டர்பேக்கை, அதாவது பாஸ் எறியும் ஆளை, பந்தை எறியும் முன்பே வீழ்த்துவதுதான் சாக். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல் வரலாற்றில் வெகு சில அணிகளே தொட்ட எண்ணிக்கை அது. ஆனால் அந்த சீசனின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஒரு தடவைகூட சாக் செய்ய முடியாமல் 38-35 என்று தோற்றது. மைதானத்தின் புல் வழுக்கியது ஒரு காரணம்தான். முழுக் காரணம் அதுவல்ல. இரண்டு வருடம் கழித்து, 2024 சீசனில் மொத்தமே 41 சாக். 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதே மஹோம்ஸை ஆறு தடவை வீழ்த்தி, 40-22 என்று கோப்பையை வென்றது. எதிரணியைத் தடுக்க முன்னால் நிற்கும் இந்த இரண்டு முன்வரிசைகளில் எது உசத்தி என்று கேட்டால், தயங்காமல் 2024 என்பேன். அதற்கான காரணம் சாக் கணக்கில் தெரியாது.

பலத்தின் வேர், நான்கே பேரை வைத்து அழுத்தம் கொடுக்க முடிந்ததுதான். தடுப்பு ஆட்டத்தை வகுக்கும் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக விக் ஃபாஞ்சியோ 2024-ல் பொறுப்பேற்றார். பின்னால் இரண்டு சேஃப்டிகளை (கடைசிக் காவலர்களை) ஆழத்தில் நிறுத்தி, பிளிட்ஸை (நான்கு பேருக்கு மேல் குவாட்டர்பேக் மேல் பாய அனுப்புவதை) அளந்து பயன்படுத்துபவர் அவர். பாஸ் பிடிக்க அதிகபட்சம் ஐந்து பேர்தான் ஓட முடியும். நான்கு பேர் பாய்ந்தால் ஏழு பேர் அவர்களைக் காவல் காக்கலாம். ஐந்தாவது, ஆறாவது ஆளை அனுப்பினால் பின்னால் அந்த அளவுக்கு ஓட்டை விழும்; மஹோம்ஸ் மாதிரி ஆள் அந்த ஓட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார். அந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. முதல் பாதியில் கன்சாஸ் சிட்டி எடுத்தது வெறும் 23 யார்ட். இடைவேளையில் ஸ்கோர் 24-0.

இதில் ஒரு விலையும் உண்டு, எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் ரன் ஆட்டத்தில் அது தெரியும். பந்து வைத்திருக்கும் அணியில் ஐந்து ஆஃபென்சிவ் லைன்மேன் (நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, வெளியே டேக்கிள்) நின்றால் ஓட ஆறு கேப் (இடைவெளி); வரிசையின் ஓரத்தில் டைட் எண்ட் ஒருவர் சேர்ந்தால் ஏழு. பாஸ் காவலுக்குப் பின்னால் ஐந்து பேரை வைக்கும் நிக்கல் அமைப்பில், பாக்ஸில் (முன்வரிசையை ஒட்டிய பகுதியில்) நான்கு லைன்மேனும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு லைன்பேக்கரும் சேர்த்து ஆறு பேர்தான். ஒரு கேப்புக்கு ஆள் இல்லை. அந்தக் குறையை உள்ளே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள்கள் ஈடுகட்ட வேண்டும். தன் கேப்பைப் பிடித்துக்கொண்டே பக்கத்து கேப்பில் பாதியையும் கவனிப்பதுதான் அவர்கள் வேலை. பந்து ஸ்நாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கியதும்) எதிரில் நிற்பவரின் மார்பில் இரண்டு கையையும் பதித்து, முழங்கையை நீட்டித் தள்ளி நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகு அவரை உதறிவிட்டுப் போக வேண்டும். முதல் அடியில் தோற்றால் ஒன்றரை கேப் அரை கேப்பாகிவிடும். ஃபாஞ்சியோ பாணியை நகலெடுத்த பல அணிகள் ரன்னில் அடி வாங்கியதற்குக் காரணம், இந்த வேலைக்கு ஏற்ற உடம்பு அவர்களிடம் இல்லாததுதான்.

ஈகிள்ஸிடம் இருந்தது. ஜேலன் கார்ட்டர் 2023 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஒன்பதாவதாக எடுக்கப்பட்டவர். ஆறடி மூன்று அங்குலம், 314 பவுண்ட். 2024-ல் அவர் கணக்கில் 4.5 சாக் மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்தால் சாதாரண ஆள் என்று தோன்றும். வீடியோவில் அவரை மட்டும் பத்து ஸ்நாப் பாருங்கள்: கார்டின் வெளித்தோளுக்கு நேராக நிற்பார், ஸ்நாப் ஆனதும் ஒரு கையால் கார்டின் கையை ஓங்கித் தட்டிவிட்டு, மறு கையை மேலே வீசி அவரைத் தாண்டிவிடுவார். அதற்குப் பயந்து சென்டரும் அவர் பக்கம் சாய்கிறார். இரண்டு பேர் ஒருவருக்கே போய்விட்டால் மிச்ச மூன்று பேருக்கும் தனித்தனிச் சண்டைதான் கிடைக்கும். சூப்பர் பௌலில் கார்ட்டருக்கு ஒரு சாக்கும் இல்லை; ஆனால் ஜாஷ் ஸ்வெட்டுக்கு 2.5, மில்டன் வில்லியம்ஸுக்கு 2. இந்த இரண்டு தகவலையும் பிரித்துப் படிக்கக் கூடாது.

தனி ஆளாகவும் கார்ட்டர் ஆட்டத்தை முடித்துக் கொடுத்திருக்கிறார். 2025 ஜனவரி 19, பிலடெல்ஃபியாவில் பனி கொட்டிக்கொண்டிருந்த டிவிஷனல் சுற்று நாக்அவுட் ஆட்டம். ஈகிள்ஸ் 28-22 என்று முன்னிலை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஈகிள்ஸின் 13 யார்ட் கோட்டில் நிற்கிறது. மூன்றாம் டவுன் (முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), தேவை 2 யார்ட். ஒரு டச் டவுனும் எக்ஸ்ட்ரா பாயிண்டும் போதும், ராம்ஸ் முன்னே போய்விடும். கார்ட்டர் உள்ளே புகுந்து மேத்யூ ஸ்டாஃபோர்டை 9 யார்ட் பின்னால் சாய்த்தார். நான்காம் டவுனில் 11 யார்ட் தேவை. மறுபடியும் கார்ட்டர் முகத்துக்கு நேராக வந்துவிட, பாஸ் தரையில் விழுந்தது. எட்ஜிலிருந்து (வரிசையின் ஓரத்திலிருந்து) வரும் அழுத்தத்துக்கு குவாட்டர்பேக் ஓர் அடி முன்னே ஏறித் தப்பிக்கலாம். நடுவிலிருந்து வந்தால் ஏற இடமே கிடையாது. உள்ளே வலுவான அணியை எட்ஜில் வலுவான அணியைவிட நான் மேலே வைப்பது இதனால்தான்.

ஜார்டன் டேவிஸ் வேறு ரகம். ஆறடி ஆறு அங்குலம், 336 பவுண்ட், 2022-ன் முதல் சுற்றுத் தேர்வு. 2024-ல் ஸ்நாப்களில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆடினார், பெரும்பாலும் ரன் எதிர்பார்க்கும் டவுன்களில். சென்டர் மேல் நின்று அவர் நகராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. உயரம்தான் அவருக்குச் சிக்கல். களைப்பு வந்தால் இடுப்பு நிமிரும், தோள் மேலேறும்; கீழிருந்து இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் அத்தனை எடையும் பின்னால் போகும், அவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல் கார்ட் ஏறிவிடுவார். அதனால் அவரைக் குறைவான ஸ்நாப்களில் வைத்திருந்தது சரியான முடிவு.

மில்டன் வில்லியம்ஸ் இந்த வரிசையின் மிகவும் குறைத்து மதிப்பிடப்பட்ட ஆள். மூன்றாம் சுற்றில் வந்தவர், சீசனில் 5 சாக், கார்ட்டரைவிட அரை சாக் அதிகம். முதல் அடியின் வேகம் அவருடைய ஆயுதம். கார்டுகள் கையை வைக்கும் முன்பே பக்கவாட்டில் இருப்பார். ஏழாம் சுற்றில் வந்த மோரோ ஓஜோமோவும் மாற்று ஆளாக நிதானமாக ஆடினார்.

எட்ஜைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியாது. ஸ்வெட் 8 சாக்குடன் அணியில் முதலிடம். நீண்ட கைகளால் ஆஃபென்சிவ் டேக்கிளைத் தள்ளி நிறுத்தி, வளைந்து உள்ளே வருவதில் தேர்ந்தவர். நோலன் ஸ்மித் டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைனில் 238 பவுண்ட் எடையுடன் 40 யார்டை 4.39 விநாடியில் ஓடியவர். அந்த எடையில் ரன்னைத் தாங்குவாரா என்ற சந்தேகம் நியாயமானதுதான். அவர் டைட் எண்டை முட்டி நிறுத்திய விதத்தில் அது தீர்ந்தது. 6.5 சாக் அதற்கு மேல் கிடைத்த லாபம். கல்லூரியில் சேஃப்டியாகத் தொடங்கிய ஜாலிக்ஸ் ஹன்ட் முதல் வருடத்திலேயே மாற்று ஆளாகப் பயன்பட்டார். ஆனால் 3 வருடம், 51 மில்லியன் டாலருக்கு வந்த பிரைஸ் ஹஃப் எடுபடவில்லை. பாஸ் டவுனில் மட்டும் பாயும் சிறிய உடம்பு; ரன்னில் எட்ஜைப் பிடித்து நிற்பதை முதலில் கேட்கும் ஃபாஞ்சியோவின் அமைப்பில் அவருக்கு இடம் சுருங்கியது. சூப்பர் பௌலில் ஆடும் பட்டியலிலேயே அவர் இல்லை.

பலவீனங்களில் முதலாவது சீசன் தொடக்கத்திலேயே தெரிந்தது. கிரீன் பே, அட்லாண்டா ஆகிய முதல் இரண்டு எதிராளிகளும் 150 யார்டுக்கு மேல் ஓடினார்கள். உள்ளே கேப் வேலை ஒத்திசையாமல் போனதும், வெளிப்பக்கம் அடைபடாததும் சேர்ந்த விளைவு. நான்கு ஆட்டத்துக்குப் பின் வந்த ஓய்வு வாரத்தைத் தாண்டியதும் நிலைமை மாறியது. அதில் லைன்பேக்கர் ஜாக் பானுக்குப் பெரிய பங்கு. 3.5 மில்லியன் டாலர் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்து, 151 முறை எதிராளியை மடக்கி, சீசனின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தவர். அவர் வேகமாகக் கீழே இறங்கியதால் டேக்கிள்கள் அரை கேப்பை அவரை நம்பி விட முடிந்தது. சீசன் முடிவில் மொத்த யார்டை லீகிலேயே மிகக் குறைவாக விட்டுக்கொடுத்த அணி ஈகிள்ஸ்தான்.

இரண்டாவது பலவீனம் ஓடக்கூடிய குவாட்டர்பேக். டிசம்பர் 22 அன்று வாஷிங்டனின் ஜேடன் டேனியல்ஸ் 81 யார்ட் ஓடி, ஐந்து டச் டவுன் பாஸ் போட்டு 36-33 என்று ஜெயித்தார். நான்கு பேர் மட்டும் பாயும்போது நான்கு பேரும் தத்தம் தடத்தில் இருந்தாக வேண்டும். எட்ஜ் ஆள் பாக்கெட்டின் (குவாட்டர்பேக்கைச் சுற்றி லைன்மேன்கள் அமைக்கும் பாதுகாப்பு வளையத்தின்) ஆழத்தைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் அவருக்கும் டேக்கிளுக்கும் நடுவில் ஒரு தெரு திறக்கும். ஸ்டண்ட் போடும்போதும் இதே ஆபத்துதான்: டேக்கிள் முதலில் வெளியே மோதி, எட்ஜ் அவர் பின்னால் சுற்றி உள்ளே வருவார், சுற்றுபவர் அகலமாக வந்தால் அரை விநாடி போய்விடும், குவாட்டர்பேக்கும் போய்விடுவார்.

சூப்பர் பௌலில் இந்தத் தடக் கட்டுப்பாடு கச்சிதமாக இருந்தது. கன்சாஸ் சிட்டி தன் இடது கார்டு ஜோ தூனியை இடது டேக்கிளாக நிறுத்தியிருந்ததால் அந்தப் பக்கம் இரண்டு இடங்களில் பலம் குறைந்திருந்தது. இரண்டாம் குவாட்டரில் அடுத்தடுத்து இரண்டு சாக். மூன்றாம் டவுனில் 16 யார்ட் தேவைப்பட்ட நிலையில் மஹோம்ஸ் எறிந்த பந்தை, பாஸ் பிடிப்பவர்களைக் காக்கும் கார்னர்பேக் கூப்பர் டிஜீன் பறித்து 38 யார்ட் ஓடி டச் டவுன் அடித்தார். கணக்கில் அது கார்னர்பேக்கின் ஆட்டம். அந்த மூன்றாம் டவுனை 16 யார்டாக நீட்டியது முன்வரிசை.

2025 மார்ச்சில் இந்த வரிசை கலைந்தது. வில்லியம்ஸ் 4 வருடம், 104 மில்லியன் டாலருக்கு நியூ இங்கிலாந்து போனார். ஸ்வெட் அரிசோனா போனார். நடுவில் கார்ட்டர், டேவிஸ், ஓஜோமோ மூவரும் இருந்ததால் வில்லியம்ஸின் ஸ்நாப்களைப் பிரித்துக்கொள்ள முடிந்த நிலை, இழப்பு தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஸ்வெட்டின் இடம்தான் கடினமாக இருந்தது. ஹன்ட்டும் ஸ்மித்தும் முழு நேர எட்ஜாக ஆடினால் நான்காம் குவாட்டரில் அவர்களை மாற்ற அப்போது ஆள் குறைவாக இருந்தது. கால் களைத்த எட்ஜ்தான் முதலில் தன் தடத்தை விடுவார்.